நாலு ஸ்லாட் போர்டு

கோயம்புத்தூர் முழுக்கத் தேடினாலும் விற்பனைக்கு மூன்றே மூன்று மதர்போர்டுகள்தான் இருந்தன. மூன்றும் காந்திபுரத்தில் அன்வர்தீன் கடையில், மாடிப்படிக்குக் கீழே ஓர் இரும்பு அலமாரிக்குள் கிடந்தன. வீட்டில் கம்ப்யூட்டர் வைத்துக்கொள்கிற வழக்கம் ஊரைவிட்டுப் போய்ப் பதினைந்து வருடமாகியிருந்தது. ஆளுக்கொரு கண்ணாடித் திரை, அதற்கொரு மாத வாடகை. மற்ற வேலையெல்லாம் எங்கோ கடற்கரையோரம் மலைமலையாக நிற்கும் சர்வர்களில் நடந்துகொண்டிருந்தது. சொந்தமாக மிஷின் கட்டுகிறவர்கள் யாரென்றால், பிராசசரைப் போட்டிக்கு விரட்டும் நாலைந்து பைத்தியங்கள்தான். அன்வர்தீன் அவர்களுக்காகத்தான் அந்த அலமாரியை வைத்திருந்தான்.

மதிவதனி செருப்பைக் கழற்றிவிட்டு அலமாரிக்கு முன்னால் தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

"மூணையும் வெளிய எடுக்கட்டுங்களாக்கா? எதுக்குன்னு சொன்னீங்கன்னா நானே ஒண்ணு பாத்துக் குடுத்துருவேன்," என்றான் அன்வர்தீன்.

"ஒரு ஆளு பேசறதுக்கு."

அவன் சிரித்தான். அவள் சிரிக்கவில்லை என்று கண்டதும் நிறுத்திக்கொண்டு, மூன்று பெட்டிகளையும் எடுத்து அவள் முன்னால் வைத்தான்.

பேச வேண்டிய ஆள் அவள் கணவன் சிபிச்சக்கரவர்த்தி. செவ்வந்தி டையிங் என்ற சாயப்பட்டறையில் பாய்லர் பிரிவுக்கு சூப்பர்வைசராக இருந்தவன். இரண்டு வருடத்துக்கு முன்னால் அந்த பாய்லர் வெடித்தது. அதை இயக்கிக்கொண்டிருந்த ரங்கநாயகி என்ற முப்பத்தொரு வயதுப் பெண் அந்த இடத்திலேயே இறந்துபோனாள். சிபி பிழைத்தான். கை கால் எல்லாம் நன்றாகவே இருந்தன. தலையில் பட்ட அடியில் பேச்சு மட்டும் போய்விட்டது. சொல்ல வேண்டியது மனதில் உருவாகும், ஆனால் நாக்குக்கு வந்து சேராது. எழுதவும் வராது, எழுத்துகள் அவன் கையில் கலைந்துபோகும்.

அப்படிப்பட்டவர்களுக்கு அந்தக் காலத்தில் குரல்பட்டை என்று ஒன்று இருந்தது. காதுக்குப் பின்னால் ஒட்டிக்கொள்ளும் மெல்லிய பட்டை. மூளையில் சொல் உருவாகும்போதே அதைப் பிடித்து 'மொழித்துணை' என்ற நிறுவனத்தின் சர்வருக்கு அனுப்பும், அங்கிருந்து குரலாகத் திரும்பி வரும். சிபியின் பழைய குரலையே அதற்குக் கொடுத்திருந்தார்கள். "எனக்குக் காப்பி வேண்டும்", "இன்று வெயில் அதிகமாக இருக்கிறது" என்று அது அச்சுப் பிசகாமல் பேசியது. கல்யாணமான நாளிலிருந்து ஒருநாள் கூட அவன் அப்படிப் பேசியதில்லை. ஆனாலும் பேச்சு வந்ததே என்று மதிவதனி சமாதானப்பட்டிருந்தாள்.

விசாரணை மன்றத்தில்தான் சிக்கல் முளைத்தது. பட்டறைக்காரர்கள் பழியை ரங்கநாயகி மேல் போட்டார்கள். அவள் அபாய அலாரத்தின் ஒயரைப் பிடுங்கிவிட்டுத் தூங்கிப்போனாள் என்றார்கள். அன்று அந்த அறையில் இருந்தவர்களில் உயிரோடு இருப்பது சிபி ஒருவன்தான். அவன் சாட்சிக் கூண்டில் ஏறிய முதல் நாளே எதிர்த்தரப்பு வக்கீல் எழுந்து, "பேசறது சாட்சி இல்ல, ஆயிரம் மைலுக்கு அந்தப் பக்கம் இருக்கிற ஒரு கம்பெனியோட சர்வர்," என்று ஆட்சேபித்தார். நீதிபதியும் அதை ஏற்றுக்கொண்டார்.

ரங்கநாயகி குடும்பத்துக்காக வாதாடிய வக்கீல் ஜெசிந்தா அன்று மாலை மதிவதனியைத் தன் அலுவலகத்துக்குக் கூப்பிட்டு உட்காரவைத்துச் சொன்னார்.

"அவர் சொன்னதுல தப்பில்ல மதி. சிபியோட மூளையில இருந்து வர்றதுல பாதிதான் தெளிவா இருக்கு. மீதிய அந்த சர்வர் ஊகிச்சு நிரப்புது. கோடிப்பேர் பேசினதை வச்சிக்கிட்டு, இந்த இடத்துல மனுஷங்க இதைத்தான் சொல்வாங்கன்னு ஒரு கணக்கு. காப்பி கேக்குறதுக்கு அது போதும். சாட்சி சொல்றதுக்குப் போதுமா?"

"அப்பறம் என்னதாங்க மேடம் பண்றது?"

"ஆறு வாரம் குடுத்திருக்காங்க. வெளித்தொடர்பே இல்லாத ஒரு மிஷின், கோர்ட் ஹாலுக்குள்ளயே இருக்கணும். ஊகத்தை அணைச்சிடணும். அவர் மூளை தந்தது மட்டும்தான் குரலா வரணும். செய்ய முடியுமா?"

மதிவதனி விரல்களை மடக்கி மடக்கி யோசித்தாள். சோமனூர்ப் பக்கம் விசைத்தறிகளின் கட்டுப்பாட்டு போர்டு எது பழுதானாலும் அவளைத்தான் கூப்பிடுவார்கள். மிஷின் எப்படி யோசிக்கிறது என்பது அவளுக்கு உள்ளங்கை ரேகை மாதிரித் தெரியும்.

"ஊகம் இல்லீன்னா, அவரோட பளைய பதிவு அத்தனையும் மெமரிக்குள்ள திறந்தே கெடக்கோணுமுங்க. மொழித்துணைகிட்ட இருக்கற ரெண்டு வருசத்து மூளைப் பதிவு. அவரு நெனைக்கிற ஒவ்வொரு சொல்லுக்கும் அத்தனையிலயும் தேடிப் பாக்கோணும். அதுவும் கால் நொடிக்குள்ள."

"எதுக்குக் கால் நொடி? கோர்ட்டு காத்திருக்கும்."

"கோர்ட்டு காத்திருக்குமுங்க, அவருனால முடியாது. நம்ம குரலே நம்ம காதுக்குப் பிந்தி வந்துச்சுன்னா நாக்கு நல்லா இருக்கறவனுக்கே கொளறும். அவரு மனசுல பாதிச் சொல்லுல நின்னுருவாருங்க. மெமரியும் வேணும், வேகமும் வேணும். ரெண்டும் ஒண்ணுக்கொண்ணு ஆவாது." கொஞ்சம் நிறுத்திவிட்டுச் சொன்னாள்: "ஆனா, நான் பாத்துக்கறனுங்க."

அந்தக் கடைசிச் சொல்லில் கொஞ்சம் கர்வம் இருந்தது. இருக்க வேண்டியதுதான். இருபத்திரண்டு வயதில், நாடெங்கிலுமிருந்து வந்த ஆட்களோடு ஓவர்க்ளாக்கிங் போட்டியில் உட்கார்ந்து மூன்றாமிடம் வாங்கியவள் அவள். பிராசசரை அதற்கு விதித்த வேகத்துக்கு மேல் விரட்டுவதுதான் அந்த விளையாட்டு. யாரும் விரட்டலாம். ஆனால் விழுவதற்கு ஒரு மயிரிழை முன்னால் எங்கே நிறுத்துவது என்று தெரிந்தவர்கள்தான் ஜெயிப்பார்கள்.

அப்படித்தான் அவள் அன்வர்தீன் கடைத் தரையில் வந்து உட்கார்ந்தது.

முதல் பெட்டியில் இருந்த போர்டில் மெமரித் துண்டு செருக இரண்டே ஸ்லாட். போட்டிக்காரர்களுக்கென்றே செய்தது. பிராசசருக்கும் மெமரிக்கும் இடையே விரற்கடைத் தூரம்தான், குதிரைபோல ஓடும்.

"மாநில ரெக்கார்டு இதுலதாங்க்கா போட்டாங்க," என்றான் அன்வர்தீன்.

"ஓடும். ஆனா அரை டெராபைட்டுக்கு மேல தாங்காது. எங்க வீட்டுக்காரரு அதுல பாதிதான் அடங்குவாரு."

இரண்டாவதில் எட்டு ஸ்லாட். ஏதோ பழைய ஆராய்ச்சிக்கூடத்திலிருந்து வந்தது. மெமரி எவ்வளவு வேண்டுமானாலும் தின்னும். ஆனால் செய்த கம்பெனி அதன் வேகத்தைப் பூட்டி வைத்திருந்தது. அவள் பயாஸை, அதாவது போர்டின் அடிப்படை அமைப்புப் பக்கத்தை, திறந்து அரைமணி நேரம் குடைந்துவிட்டு மூடி வைத்தாள்.

மூன்றாவது போர்டைப் பார்த்தால் யாரும் வாங்கமாட்டார்கள். நாலு ஸ்லாட். மினுக்கும் விளக்கு கிடையாது, அலங்காரத் தகடு கிடையாது, பழுப்பேறிய கறுப்பு. அதைத்தான் அவள் கையிலெடுத்து வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்தாள். விளிம்பில் நகத்தை வைத்து அடுக்குகளை எண்ணினாள். பத்து அடுக்குப் பலகை. பிராசசரைச் சுற்றி மின்சாரத்தைப் பிரித்துத் தரும் பாகங்கள் இருபது, ஒவ்வொன்றின் மேலும் கனமான அலுமினியம். பின்பக்கம் திருப்பி, ஸ்லாட்டுக்குப் போகும் செம்புத் தடங்களை விரலால் தடவிப் பார்த்தாள். நாலுக்கும் ஒரே நீளம். நீளம் குறைந்த இடத்தில் தடத்தை வளைத்து வளைத்து ஓட்டிச் சரிக்கட்டியிருந்தான் எவனோ ஒரு புண்ணியவான்.

"நாலையும் நெரப்புனா வேகம் படுத்துருமேக்கா? எல்லாரும் அப்படித்தான் சொல்லுவாங்க," என்றான் அன்வர்தீன்.

"படுக்கும். எளுப்பி உட்டுக்கலாம். இது எளுந்திரிக்கற போர்டு. வேற யாராச்சும் இதைக் கேட்டாங்களா?"

"நாலு வருசமா ஒருத்தரும் தொடலீங்க்கா."

அது அவளுக்கு ஏனோ சந்தோஷமாக இருந்தது.

*

சிபியின் பதிவுகளை ஜெசிந்தா மொழித்துணையிடமிருந்து வாங்கித் தந்தார். மெமரித் துண்டுகள் நாலும் பிராசசரும் சென்னையிலிருந்து வந்தன. குளிர்விக்கத் தண்ணீர்க் குழாய் ஓட்டினாள். அதற்குச் சரியான பம்பு கிடைக்கவில்லை. கோயம்புத்தூர்க்காரிக்குப் பம்பு கிடைக்கவில்லையென்றால் வெளியே சொல்ல முடியுமா? பீளமேட்டில் மோட்டார் காயில் கட்டும் ஒரு தோழியிடம் சொல்லி, கைக்குள் அடங்கும் சைஸில் ஒன்று கட்டி வாங்கினாள். காதை வைத்துக் கேட்டால்தான் அதன் சத்தம் தெரியும்.

அப்புறம் வேலை ஆரம்பித்தது. காலையில் எழுந்ததும் ஒரு எண்ணை மாற்றுவாள், ஓட்டிப் பார்ப்பாள், மிஷின் விழும். திரும்ப எழுப்பி இன்னொரு எண். சிபி பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருப்பான். முதலில் ஒரு வார்த்தைக்கு அரை நொடி ஆனது. பத்து நாளில் அது பத்தில் மூன்று நொடியானது. அதற்குக் கீழே இறங்கமாட்டேன் என்று ஒரு வாரம் முரண்டு பிடித்தது. அவள் நாலு துண்டுகளையும் கழற்றி, ஒவ்வொன்றையும் தனித்தனியாக ஓட்டி, எது எவ்வளவு தாங்கும் என்று தெரிந்துகொண்டு, இடத்தை மாற்றிச் செருகினாள். பலவீனமானது பிராசசருக்குப் பக்கத்தில், திடமானது கடைசியில். அன்றைக்குக் கால் நொடிக்குக் கீழே போனது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பதினொரு மணிக்கு அவன் காதுப்பட்டையிலிருந்து ஒரு கம்பியை இழுத்து மிஷினில் செருகினாள். ஊகத்தை அணைத்தாள்.

"ஏதாச்சும் பேசுங்க மாமா."

ஒலிபெருக்கி கரகரத்தது.

"ஏ அம்மிணி... சித்த தள்ளி உக்காரு. ஃபேன் காத்து... காத்து மறைக்குது."

மதிவதனி தள்ளி உட்காரவில்லை. அப்படியே அவனைப் பார்த்துக்கொண்டிருந்தாள். இரண்டு வருடமாகக் கேட்காத பேச்சு. அந்த 'அம்மிணி', அந்த இழுப்பு, நடுவில் தடுமாறி அதே சொல்லை இரண்டு தடவை சொல்வது எல்லாம் அவனுடையது. அவள் அழுதுகொண்டே சிரித்தாள். அவனும் சிரித்தான்.

"இது... நாஞ் சொல்றத மாத்தாதா?" என்று கேட்டான்.

"மாத்தாதுங்க."

"எதையுமே மாத்தாதா?"

"ஒரு எளுத்தக்கூட மாத்தாது. அதுக்குத்தானே இத்தன பாடு."

அவன் கம்பியை விரலில் சுற்றிச் சுற்றி அவிழ்த்துக்கொண்டிருந்தான். கூண்டில் ஏறுவதை நினைத்துப் பயப்படுகிறான் என்று அவள் எண்ணிக்கொண்டாள். அந்த விஷயத்தைப் பேசவும் வழியில்லை. மிஷின் ஒவ்வொரு சொல்லையும் பதிந்து வைக்கும், எதிர்த்தரப்பு அந்தப் பதிவைக் கேட்கும், அதனால் விபத்தைப் பற்றி வீட்டில் மூச்சுவிடக் கூடாது என்று ஜெசிந்தா கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். ஆகவே அவர்கள் மழையைப் பற்றியும் பக்கத்து வீட்டுக் கோழியைப் பற்றியும் பேசினார்கள். அதுவே அவளுக்குத் திகட்டவில்லை.

வேகத்தை இன்னும் கொஞ்சம் ஏற்ற இடமிருந்தது. போட்டிக்காலத்து ஆசை அவளை விடவில்லை. ஏற்றினாள், மிஷின் விழாமல் ஓடியது. அந்த வேகத்திலேயே அவன் பதிந்து கொடுத்த ஒரே வாக்கியத்தை நாற்பதாயிரம் தடவை ஓட்டிச் சோதித்தாள். 'கதவை மூடலை' என்பது வாக்கியம். மூன்றாம் நாள் பட்டியலைப் புரட்டியபோது ஓரிடத்தில், ஒரே ஓரிடத்தில், 'கதவை மூடினேன்' என்று இருந்தது.

சூடேறிய மெமரியில் ஒரு புள்ளி, ஒன்றாக இருந்தது சுழியாக, புரண்டு விழுந்திருக்கிறது. போட்டியில் அது வெறும் புள்ளி. இங்கே அது செத்துப்போன ஒரு மனுஷியின் நல்ல பெயர். அவள் மறுபேச்சில்லாமல் வேகத்தை இரண்டு படி இறக்கினாள். திரும்ப நாற்பதாயிரம் தடவை, திரும்ப நாற்பதாயிரம். ஒன்றும் புரளவில்லை. கால் நொடிக்கு ஒரு நூல் கீழே நின்றது. அங்கேயே நிறுத்திவிட்டாள். வாழ்க்கையில் அதைவிட வேகமாக எத்தனையோ மிஷின்களை ஓட்டியிருக்கிறாள், அதைவிடச் சரியாக எதையும் நிறுத்தியதில்லை.

மன்றம் நியமித்த நிபுணர் பேராசிரியர் இம்மானுவேல் வந்து மூன்று பகலும் மூன்று இரவும் அதைச் சோதித்தார். போர்டிலிருந்த வயர்லெஸ் சில்லை அவள் உருக்கி எடுத்துவிட்டிருந்த இடத்தைப் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தார். கடைசியில் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிக்கொண்டு, "நாலு ஸ்லாட்டும் நெரம்பியிருக்கு, இந்த வேகத்துல ஓடுது, ஒரு பிழை இல்ல. இதை எந்தக் கம்பெனியில செஞ்சு வாங்கினீங்கம்மா?" என்றார்.

"எங்க வீட்டு ஹால்லதானுங்க," என்றாள் மதிவதனி.

*

விசாரணை அன்று அவள் மிஷினைத் தன் மடியிலேயே வைத்துக்கொண்டு வண்டியில் போனாள். மன்றத்தில் கூண்டுக்குப் பக்கத்தில் ஒரு மேசை போட்டிருந்தார்கள். முன்வரிசையில் ரங்கநாயகியின் கணவன் தர்மலிங்கம் உட்கார்ந்திருந்தான். பேருந்துப் பணிமனையில் வேலை. இரண்டு வருடமாக ஒரு வாய்தாவையும் அவன் தவறவிட்டதில்லை. மதிவதனி கம்பியைச் செருகிவிட்டு, பம்பின் சத்தத்தைக் காது கொடுத்துக் கேட்டுவிட்டு, ஓரமாகப் போய் நின்றாள்.

நீதிபதி உமையாள் மெதுவான குரலில் கேட்டார். "அன்னிக்கு என்ன நடந்துச்சுன்னு உங்க சொந்த வார்த்தையில சொல்லுங்க. அவசரமில்ல."

"வணக்கமுங்க," என்றான் சிபி. அந்தப் பேச்சைக் கேட்டதும் ஹாலில் சிலர் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். "அன்னிக்கு... காலைல பதனொன்னே காலு இருக்குமுங்க. அலாரம் அடிச்சுது. அளுத்தம் ஏறுது. ரங்கநாயகி ஓடியாந்து... நிறுத்தீரலாமுங்கண்ணான்னு சொல்லுச்சு. சரீன்னுதான்... சரீன்னுதானுங்க நானும் போனேன். மேனேசர் போன் பண்ணுனாரு. லாட்டு சாயங்காலம் லாரி ஏறோணும், நிறுத்துனா நாளைக்கு நீ வேலைக்கு வராதேன்னாரு."

அவன் நின்றான். மிஷினும் நின்றது. நிரப்ப அதனிடம் எதுவும் இல்லை.

"அலாரத்து ஒயரை நாந்தானுங்க புடுங்குனேன். ரங்கநாயகி இல்லீங்க. நானுங்க. அந்தப் புள்ள வேண்டாமுங்கண்ணா, வேண்டாமுங்கண்ணான்னு என்ர... என்ர கையப் புடிச்சுது. நான் உதறி உட்டுட்டேன். அது தூங்கலீங்க. கடேசி வரைக்கும் வால்வத் தொறக்கத்தான் பாத்துட்டு இருந்துச்சு."

தர்மலிங்கம் எழுந்து நின்றுவிட்டான். பக்கத்தில் இருந்தவர்கள் அவனைப் பிடித்து உட்காரவைத்தார்கள்.

எதிர்த்தரப்பு வக்கீல் துள்ளி எழுந்தார். "அம்மா, இது மிஷின் கோளாறு! அளவுக்கு மீறி வேகப்படுத்தின கருவி, சொல்லு மாறியிருக்கு. இதைப் பதிவு பண்ணக் கூடாது."

நீதிபதி பேராசிரியரைப் பார்த்தார். இம்மானுவேல் எழுந்து, "எழுபத்திரண்டு மணி நேரம் சோதிச்சேங்க. ஒரு பிழைகூட இல்ல. என் பேர்ல கையெழுத்துப் போட்டுத் தந்திருக்கேன்," என்றார்.

"ஊகம் இருக்கக் கூடாதுன்னு கேட்டது நீங்கதானே வக்கீல் சார்?" என்று நீதிபதி கேட்டார். வக்கீல் உட்கார்ந்தார்.

சிபி அப்போது நீதிபதியைப் பார்க்கவில்லை. ஓரமாக நின்ற மனைவியைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"ரெண்டு வருசமா சொல்லீட்டேதான் இருந்தேன் மதி. ஒவ்வொரு நாளும் சொன்னேன். 'எனக்குக் களைப்பாக இருக்கிறது'ன்னு அது சொல்லுச்சு. நீ போத்தி உட்டுட்டு... லைட்ட அணைச்சுட்டுப் போயிருவே."

எத்தனை நாள்! எத்தனை நாள் மதிவதனி அந்த வாக்கியத்தைக் கேட்டு, பாவம் அசந்துபோயிருக்கிறார் என்று தலையணையைச் சரிசெய்திருக்கிறாள். ஒரு மனுஷன் கொலைப்பழியைத் தோளில் சுமந்துகொண்டு அவளெதிரே கதறியிருக்கிறான், அவள் ஃபேனைக் கூட்டிவைத்திருக்கிறாள்.

வெளியே தாழ்வாரத்தில் பேராசிரியர் அவளுக்கு விளக்கினார். "அந்த சர்வர் மேல பொய் சொல்லுதுன்னு வழக்குப் போட முடியாதும்மா. தெளிவில்லாத சமிக்ஞை வந்தா, பெரும்பாலான நோயாளிங்க அந்த நிலைமையில என்ன சொல்வாங்களோ அதைப் போட்டு நிரப்பும். நெஞ்சு துடிக்குது, மூச்சு திணறுது, கண்ணு கலங்குது. பெரும்பாலானவங்க அப்போ 'களைப்பா இருக்கு'ன்னுதான் சொல்வாங்க. நான் செஞ்சேன்னு சொல்றவங்க ரொம்பக் கொஞ்சம் பேர். கணக்குல வரமாட்டாங்க."

தர்மலிங்கம் படியிறங்கி வந்தவன் அவள் எதிரே நின்றான்.

"என்ர பொண்டாட்டி தூங்கலீன்னு இன்னிக்கு ஊருக்குத் தெரிஞ்சுதுங்க," என்றான். "அது உங்களாலதான். ஆனா உங்க வீட்டுக்காரரு மூஞ்சியப் பாக்க என்னால முடியாதுங்க. மன்னிச்சுக்கோங்க."

"நீங்க எதுக்குங்க மன்னிப்புக் கேக்கறீங்க," என்று சொல்ல வாயெடுத்தாள். அதற்குள் அவன் போய்விட்டான்.

ஊரில் பேச்சு வேறு மாதிரி இருந்தது. மதிவதனியின் அண்ணன் அவினாசியிலிருந்து வந்து கூடத்தில் நின்றபடியே கத்தினான். "கட்டுனவனை நீயே காட்டிக் குடுத்துட்டியேடி! அந்த சர்வர்லயே உட்டிருந்தா, பாவம் நோயாளின்னு எல்லாரும் உச்சுக்கொட்டீட்டுப் போயிருப்பாங்க. மிஷின் பண்றாளாமா மிஷினு!"

"அந்த சர்வர் பேசறத ரெண்டு வருசம் கேட்டனுங்ணா," என்றாள் மதிவதனி. "நல்லாத்தான் பேசுச்சு. ஆனா அது எங்க மாமா இல்லீங். ஒயரைப் புடுங்குனவரும் எங்க மாமாதான், அத்தன பேத்துக்கு முன்னால நாந்தான்னு சொன்னவரும் எங்க மாமாதான். எனக்கு அந்த ஆளுதான் வேணும்."

அண்ணன் காப்பிகூடக் குடிக்காமல் போனான். சிபி உள்ளறையிலிருந்து இதையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தான். அவள் போய்க் கம்பியைச் செருகியபோது அவன் அவளைத் திட்டவுமில்லை, புகழவுமில்லை. "பசிக்குது அம்மிணி," என்றான். வெடிவிபத்துக்குப் பிறகு அன்றைக்குத்தான் அவன் மறுசோறு கேட்டு வாங்கிச் சாப்பிட்டான்.

*

தீர்ப்பு நாலு மாதத்தில் வந்தது. பட்டறை முதலாளிக்கும் மேனேஜருக்கும் ஏழேழு வருடம். தானே ஒப்புக்கொண்டதால் சிபிக்கு ஒன்றரை வருடம். ரங்கநாயகியின் மேல் எந்தக் குற்றமும் இல்லை, அவள் தன் கடமையைச் செய்யும்போது உயிரிழந்தாள் என்று நீதிபதி தனிப் பத்தியாக எழுதியிருந்தார். அந்தப் பத்தியைத் தர்மலிங்கம் சட்டம் போட்டு வீட்டில் மாட்டியிருப்பதாகப் பிற்பாடு ஜெசிந்தா சொன்னார்.

தீர்ப்பில் மூன்று பக்கம் மிஷினைப் பற்றியே இருந்தது. இனிமேல் குரல்பட்டை அணிந்த எவரும் சாட்சி சொல்ல வேண்டுமானால் இம்மாதிரியான தனிக் கருவியின் வழியாகத்தான் சொல்ல வேண்டும் என்றும், அப்படியொன்று செய்ய முடியும் என்பதை மதிவதனி என்பவர் நிரூபித்திருக்கிறார் என்றும் எழுதியிருந்தது. அவள் அந்த மூன்று பக்கத்தையும் சிபிக்கு உரக்கப் படித்துக் காட்டினாள். தன் பெயர் வந்த வரியை மட்டும் இரண்டு தடவை படித்தாள்.

"இன்னொருக்காப் படி," என்றான் அவன்.

சிறைக்குப் போகும் நாள் வந்தது. மத்திய சிறைக்குள் இணையத்தோடு தொடர்புள்ள எந்தப் பொருளும் போகக் கூடாது. மொழித்துணைப் பட்டையோடு போயிருந்தால் சிபி வாசலிலேயே ஊமையாகியிருப்பான். ஆனால் இந்த மிஷினுக்கு வெளியுலகமே தெரியாது. ஜெசிந்தா மனு போட்டார், அனுமதி கிடைத்தது.

காலை பத்து மணி. வாசலில் இருந்த காவலர் குணசீலன் மிஷினின் பக்கவாட்டு மூடியைத் திறந்து, டார்ச் அடித்து, நாலு ஸ்லாட்டையும் தண்ணீர்க் குழாயையும் பார்த்தார்.

"இதுல நெட் வருமா?"

"வராதுங்க. நெனைச்சாலும் வராது," என்றாள் மதிவதனி. அவள் குரலில் இருந்த மிடுக்கைக் கண்டு அவர் நிமிர்ந்து பார்த்தார்.

"நீங்களே செஞ்சதாம்மா?"

"ஆமாங்க."

மிஷினைத் தள்ளுவண்டியில் வைத்து, சிறையின் மருத்துவப் பிரிவுக்குக் கொண்டுபோனார்கள். செருகித் தருவதற்காக அவளையும் கூட விட்டார்கள். ஜன்னலோரம் ஒரு மேசை. அவள் பம்பை ஓட்டி, மெமரியைச் சோதித்து, கம்பியை அவன் கையில் கொடுத்தாள்.

"தூசி படாமப் பாத்துக்குங்க. வாரத்துக்கு ஒருக்காத் தண்ணி அளவு பாக்கோணும். ஓவரா சூடாச்சுன்னா தானே நின்னுரும், பயப்படாதீங்க."

"ம்... நீ சாப்பிட்டுப் போ," என்றான் சிபி. சிறைக்குள் நின்றுகொண்டு அவன் அப்படிச் சொன்னதும் காவலர் சிரித்துவிட்டார். அவளும் சிரித்தாள். அதற்கு மேல் நிற்க விடமாட்டார்கள் என்று தெரிந்து திரும்பி நடந்தாள்.

வெளித்தாழ்வாரத்தில் கையெழுத்துப் போட ஒரு பதிவேடு இருந்தது. குணசீலன் பக்கத்தைப் புரட்டிக்கொண்டே சொன்னார். "உங்க வீட்டுக்காரர் குடுத்து வச்சவரும்மா. அந்த வார்டுல இன்னும் ரெண்டு பேர் இருக்காங்க, காதுல பட்டை ஒட்டினவங்க. ஒருத்தர் உள்ள வந்து ஒரு வருஷமாச்சு, இன்னொருத்தர் மூணு. இங்கதான் நெட் கிடையாதே. வந்த நாள்ல இருந்து ஒரு வார்த்தை பேசல."

மதிவதனி கையில் பேனாவோடு நின்றாள்.

கம்பி போட்ட ஜன்னல் வழியாக உள்ளேயிருந்து குரல் கேட்டது. கரகரத்த, தடுமாறுகிற, அவள் புருஷனின் குரல்.

"என்ர பேரு சிபிச்சக்கரவர்த்திங்க. உங்களுக்கு எந்த... எந்த ஊருங்க?"

பதில் இல்லை. அவள் காதைத் தீட்டிக்கொண்டு கேட்டாள். ஒரு கட்டில் கிறீச்சிட்டது, யாரோ எழுந்து உட்கார்ந்தார்கள். அப்போதும் பதில் இல்லை. சிபி யாரிடம் பேசுகிறான் என்று அவளுக்குப் புரிந்துவிட்டது.

"பரவால்லீங்க. அவசரமில்ல," என்றது அந்தக் குரல். "என்ர சம்சாரம் இப்பத்தான் வெளிய போச்சு. அது வரும்."

மதிவதனி பதிவேட்டில் கையெழுத்துப் போட்டாள்.

"சார், அந்த ரெண்டு பேத்து பேரும் சொல்லுங்க," என்றாள். "பதிவு எந்தக் கம்பெனிகிட்ட இருக்குதுன்னும் சொல்லுங்க. நான் எளுதிக்கறேன்."